பல்கனித் தளத்துக்கு எந்தப் பலகை? நெருப்பையும் உப்பையும் சேர்த்து யோசித்து ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நிலாவெளியில், கடற்கரையிலிருந்து 200 மீற்றர் உள்ளே, ஒரு தம்பி இரண்டு மாடியில் விருந்தினர் விடுதி கட்டுகிறார். மேல்மாடியில் மூன்று அறைகள். அவற்றுக்கு முன்னால் ஆறடி அகலத்தில், 32 அடி நீளத்தில் ஒரே பல்கனி. கொங்கிரீட் தட்டு போட்டு முடிந்துவிட்டது. அதற்கு நேர் கீழே சமையல் விறாந்தை. தட்டின் மேல் மரம் போலத் தெரிகிற, பிளாஸ்டிக் கலந்த டபிள்யூ.பி.சி. பலகை பதிக்க ஆசை. விற்கிறவர் "இது தீப்பிடிக்காது, ஐரோப்பியச் சான்றிதழ் இருக்கிறது" என்கிறார். மனைவிக்கு நம்பிக்கை இல்லை. என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. என் பதில் இதுதான்: கொங்கிரீட் தட்டு ஏற்கெனவே இருக்கிற இடத்தில் நெருப்புக்கு அதைவிட நல்ல தளம் எதுவும் கடையில் இல்லை. அதன் மேல் நீர்க்காப்பு, சீமெந்துப் படுக்கை, வழுக்காத டைல். அவ்வளவுதான். மரத்தோற்றம் வேண்டுமானால் மரக்கோடு போட்ட போர்சலின் டைல் இருக்கிறது. பலகைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அலுமினியம். டபிள்யூ.பி.சி. அந்த இடத்துக்கு வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

பல்கனிப் பலகை என்றவுடன் எல்லோரும் மேல்முகத்தைத்தான் பார்க்கிறார்கள். சிகரெட் விழுந்தால் பற்றுமா, நுளம்புத்திரி சாய்ந்தால் கருகுமா என்று கேட்கிறார்கள். கவலை அடிப்பக்கத்தில் இருக்கவேண்டும். பலகைத் தளம் என்றால் தட்டின் மேல் சட்டம் வைத்து, அதன் மேல் பலகை அடிக்கிறோம். பலகைக்கும் தட்டுக்கும் நடுவில் ஓரிரு அங்குல வெளி. பலகைக்குப் பலகை தண்ணீர் வடிய ஒரு சின்ன இடைவெளி. காற்று போய்வர வழி, எரிய ஒரு பொருள், மூடிய ஓர் இடம். அடுப்புக்கும் இதைத்தானே செய்கிறோம்.

உப்புவெளியில் ஒரு விடுதியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். மேல்மாடிப் பல்கனியில் ஐந்து வருடம் பழகிய பலகைத் தளம். ஓரத்தில் மூன்று பலகையைக் கழற்றச் சொன்னேன். ஸ்குரூக்கள் கறள் பிடித்துத் தலை உடைந்து வந்தன. பலகை எழும்பியதும் கீழே ஒரு சாண் அகலத்துக்கு வேப்பிலைச் சருகு, மெத்தை மாதிரி. கடல் மணல், ரொபித் தாள், ஒரு ஐஸ்கிறீம் குச்சி. சிகரெட் அடிக்கட்டைகளை எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அதில் ஒன்றுக்கு நேர் மேலே பலகையின் அடியில் பெருவிரல் அளவுக்குக் கறுப்பாக உருகி, ஓரம் சுருண்டு, ஒரு குழி. எப்போதோ ஒரு நாள் அது பற்றத் தொடங்கி, தானாகவே அணைந்திருக்கிறது. சருகு அன்றைக்கு ஈரமாக இருந்திருக்கும். மேலே அந்தப் பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. விடுதிக்காரருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

இனிச் சான்றிதழுக்கு வருவோம். ஐரோப்பிய வகைப்பாடு ஏ1 தொடங்கி எஃப் வரை போகும். ஏ1, ஏ2 இரண்டும் எரியாதவை என்று எடுத்துக்கொள்ளலாம்: கல், கொங்கிரீட், போர்சலின், உலோகம். பி இலிருந்து கீழே வர வர எரிகிற பொருட்கள். பக்கத்தில் எஸ் என்று வருவது புகைக்கு, டி என்று வருவது எரிந்து சொட்டுவதற்கு. இதுவரை சரி. ஆனால் தரைப் பொருட்களுக்குத் தனி வகை உண்டு. எழுத்துக்குப் பின்னால் சின்னதாக 'எஃப்எல்' என்று போட்டிருக்கும். விற்கிறவர்கள் காட்டுகிற 'பிஎஃப்எல்-எஸ்1' அந்த வகைதான்.

அந்தச் சோதனையில் பலகையை மல்லாக்கக் கிடத்தி, ஒரு முனையில் சுடரை வைத்து, மேலிருந்து சாய்வாக வெப்பம் காட்டுவார்கள். சுடர் எவ்வளவு தூரம் ஊர்கிறது என்று அளப்பார்கள். அறைக்குள் தரைவிரிப்பு எப்படி எரியும் என்று பார்க்க அது நல்ல சோதனை. அடியிலிருந்து நெருப்பு வந்தால் பலகை என்ன செய்யும் என்பதை அது பார்ப்பதே இல்லை. தரை வகையில் எரிந்து சொட்டுவதற்கான 'டி' குறியும் கிடையாது, தரையிலிருந்து எங்கே சொட்டப்போகிறது என்று விட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் கீழே சமையல் விறாந்தை இருக்கிறது. கலிபோர்னியாவில் காட்டுத்தீப் பிரதேசத்து வீடுகளுக்குப் பலகைத் தளத்தை அடியில் சுடர் வைத்து எரித்துப் பார்க்கிற சோதனை தனியாக இருக்கிறது. மேலே எரிகிற கொள்ளியை வைத்துப் பார்ப்பது இன்னொன்று. அப்படியான அறிக்கை இருக்கிறதா என்று விற்கிறவரிடம் கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரியும்.

லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் 2017 ஜூன் 14 அன்று எரிந்து 72 பேர் இறந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அது சுவருக்கு ஒட்டிய பலகைகளால் பரவிய தீ. அதன் பிறகு 2018 டிசம்பரில் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. 18 மீற்றருக்கு மேல் உயர்ந்த குடியிருப்புகளின் வெளிச்சுவரில் ஏ1 அல்லது ஏ2-எஸ்1,டி0 பொருட்கள்தான் போடலாம், பல்கனியும் அதற்குள் அடக்கம். அந்த உயரத்துக்குக் குறைந்த கட்டடங்கள் தப்பிவிட்டன என்று நினைத்துக்கொண்டிருக்க, 2019 ஜூன் 9 அன்று கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்கிற ஊரில் ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்று எரிந்தது. அங்கே பல்கனிகள் மரத்தால் ஆனவை. ஒரு பல்கனியில் தொடங்கியது, ஏணியில் ஏறுவது போல மாடிக்கு மாடி ஏறிவிட்டது. 20 வீடுகள் அழிந்தன. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எல்லோரும் விழித்திருந்த நேரம் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. நெருப்பு அங்கே பலகையின் மேலால் ஊர்ந்து போகவில்லை, அடியைப் பிடித்து ஏறிப் போனது.

உங்கள் கட்டடம் இரண்டே மாடி, இங்கிலாந்துச் சட்டம் நமக்கில்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் உங்கள் அறைகளின் கதவு திறப்பது அந்தப் பல்கனிக்குள். படிக்கட்டுக்குப் போகிற வழியும் அதுதான். இரவு ஒரு மணிக்கு, ஊர் பேர் தெரியாத ஒரு விருந்தினர் கதவைத் திறந்து எதில் கால் வைப்பார் என்று யோசித்தால் போதும்.

டபிள்யூ.பி.சி. என்பது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து அச்சில் பிழிவது. பிளாஸ்டிக் பெரும்பாலும் பொலித்தீன் இனம். கலவை கடைக்குக் கடை மாறும். 40 வீதம் பிளாஸ்டிக் என்று வைத்துக்கொள்வோம். பொலித்தீன் 130 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். எரிந்தால் எடைக்கு எடை மண்ணெண்ணெய் தருகிற வெப்பத்தையே தரும். இப்போது உங்கள் பல்கனியைக் கணக்குப் போடுங்கள். ஆறடிக்கு 32 அடி என்றால் ஏறத்தாழ 18 சதுர மீற்றர். உள்ளே குழாய் விட்ட பலகை சதுர மீற்றருக்கு 18 கிலோ என்று குறைத்தே வைத்தாலும் மொத்தம் 320 கிலோவுக்கு மேல். அதில் பிளாஸ்டிக் மட்டும் 130 கிலோ. மண்ணெண்ணெயாகப் பார்த்தால் 160 லீற்றர். மரத்தூளை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. ஒரு பீப்பாயில் முக்கால்வாசி மண்ணெண்ணெயை விருந்தினர் அறை வாசலில் வைக்கச் சம்மதிப்பீர்களா?

நம்பிக்கை இல்லாவிட்டால் மாதிரித் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். வெளி முற்றத்தில், காற்றில்லாத நேரம், மணல் மேல், குறட்டால் பிடித்து, துண்டின் கீழ் விளிம்பில் சுடரைக் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். முதலில் விளிம்பு பளபளக்கும், பிறகு குமிழ் விடும், பிறகு பற்றும். மெழுகுதிரி அணைத்த வாசம் வந்தால் பொலித்தீன். சுடரை எடுத்த பிறகும் எரிந்துகொண்டே, மணலில் எரிகிற சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். மூக்கை அரிக்கிற காரமான புகை வந்து, சுடரை எடுத்ததும் அணைந்தால் அது பி.வி.சி. கலந்தது. அது தானாக அணைவது நல்லதுதான், ஆனால் அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைட் இருக்கிறது, சுவாசிக்க வேண்டாம். இது ஆய்வுகூடச் சோதனை அல்ல, விற்கிறவரின் பேச்சைச் சரிபார்க்க ஒரு வழி.

தீத்தடுப்பு மருந்து கலந்த பலகைகளும் வருகின்றன. பற்றுவதைத் தாமதமாக்கும், அவ்வளவுதான். எரியாததாக மாற்றாது. மரத்துக்கு மேலால் பூசுகிற தீத்தடுப்புப் பூச்சைப் பற்றியும் கேட்பார்கள். ஆட்கள் மணல் காலோடு நடக்கிற தரையில் எந்தப் பூச்சும் நிற்காது. உப்புவகை மருந்து ஊறவைத்த மரம் என்றால், வெளியிடத்துக்கென்று செய்தது இல்லாவிட்டால், மாரி மழை அதைக் கழுவிவிடும். கார்த்திகை, மார்கழியில் நிலாவெளி மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, அதற்கு நியாயம் செய்யவேண்டும். முதிரை, பாலை, தேக்கு மாதிரி இறுகிய மரம் இலேசில் பற்றாது. பற்றினாலும் உருகிச் சொட்டாது, மேலே கரித்தோல் பிடித்து நிமிடத்துக்கு அரையிலிருந்து முக்கால் மில்லிமீற்றர் அளவில்தான் உள்ளே எரிந்து போகும். அதனால்தான் பழைய வீடுகளின் கனத்த தீராந்திகள் தீ விபத்துக்குப் பிறகும் நிற்கின்றன. ஆனால் அந்தக் கணக்கு தடித்த மரத்துக்கு. முக்கால் அங்குலப் பலகைக்குப் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் எதுவும் மிஞ்சாது. இரண்டு பக்கமும் எரியும். கீழ்த்தளத்தில், மண்ணோடு, மேலே ஒன்றும் இல்லாத இடத்தில் மரத்தளம் போடுங்கள், அழகாக இருக்கும், நான் குறை சொல்லமாட்டேன். மேல்மாடியில், அடுப்புக்கு மேலே வேண்டாம்.

அலுமினியப் பலகை எரியாது. 660 பாகையில் உருகும், அதற்கு வெகு முன்பே, 200, 300 பாகையிலேயே வலு குறையத் தொடங்கும். அந்தரத்தில் தொங்குகிற பல்கனியின் தாங்குசட்டமே அலுமினியம் என்றால் இதை யோசிக்கவேண்டும். உங்களுக்குக் கீழே கொங்கிரீட் தட்டு தாங்குகிறது, ஆகவே பிரச்சினை இல்லை. பிரச்சினை வேறு இடத்தில்: சட்டம். பலகை அலுமினியம், அதைத் தாங்குகிற அடிச்சட்டம் மட்டும் செலவு மிச்சம் என்று மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ போட்டுவிட்டுப் போகிற வேலைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டமும் அலுமினியமாகவே இருக்கவேண்டும். கல்வனைஸ் பொக்ஸ் பார் வைத்தால் எரியாது, ஆனால் வெட்டிய முனையிலும் துளையிட்ட இடத்திலும் கறள் உள்ளே புகுந்துவிடும்.

கடலுக்கு 200 மீற்றரில் அலுமினியத்துக்கும் உப்பு ஒரு சோதனைதான். பௌடர் கோட் அல்லது அனொடைஸ் செய்தது கேளுங்கள். ஸ்குரூ 316 தர ஸ்டெயின்லெஸ். 304 போட்டால் முதல் வருடமே தேநீர்க் கறை மாதிரி வடியத் தொடங்கும். ஸ்குரூவுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் நைலோன் வாஷர், இல்லாவிட்டால் இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தின்னும், தின்னப்படுவது அலுமினியம். ஈரமான சீமெந்தும் அதற்கு ஆகாது, சட்டத்தின் அடியில் தகடு வைத்து உயர்த்துங்கள். இளம் நிறம் எடுங்கள். வைகாசி வெயிலில் கறுப்புப் பலகையில் வெறுங்காலோடு வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று துள்ளுவதைப் பார்க்க வேண்டியதில்லை. அப்புறம் முக்கியமானது: இரண்டு, மூன்று பலகை கையால் கழற்றக்கூடியதாக இருக்கட்டும், சீசன் தொடங்கமுன் சருகைக் கூட்டி எடுக்க. எரியாத பலகைக்கு அடியிலும் சருகு எரியும்.

இருபது மில்லிமீற்றர் போர்சலின் தட்டைக் கால் வைத்துத் தூக்கிப் போடுகிற முறையும் உண்டு. தட்டு எரியாது, அந்தக் கால்கள் பிளாஸ்டிக். கொங்கிரீட் மேல் என்றால் அது பெரிய சுமை அல்ல, போடலாம். ஆனால் பாரம் சதுர மீற்றருக்கு 45 கிலோ வரும், ஒவ்வொன்றாக இறக்குமதி செய்வதற்கும் பதிப்பதற்கும் ஆகிற செலவுக்குச் சாதாரண டைல் போதும் என்பது என் எண்ணம். "அஸ்பெஸ்டஸ் எரியாதுதானே, அதை விரித்து மேலே சீமெந்து பூசலாமே" என்று யாராவது மேசன் சொன்னால் கேட்கவேண்டாம். சூட்டில் அது பட்டென்று வெடிக்கும், அதன் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

ஆகவே டைல். வேலை இப்படி வரட்டும். தட்டைக் கழுவி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, நீர்க்காப்பு. சுடர் காட்டி ஒட்டுகிற தார்ச் சுருள் போடுவதானால், ஒட்டுகிற நேரம்தான் ஆபத்து, யன்னல் சீலைகளையும் பலகைகளையும் அப்புறப்படுத்திவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள். மேலே சீமெந்துப் படுக்கை மூடியபிறகு அது நெருப்புக்குக் கிடைக்காது. படுக்கை 40 மில்லிமீற்றர், வெளிப்பக்கம் நோக்கி 80க்கு 1 வாட்டம், அதன் மேல் வழுக்காத முகம் கொண்ட டைல். படுக்கையும் டைலும் சேர்ந்து சதுர மீற்றருக்கு 100 கிலோவைத் தாண்டும். பல்கனி சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கிறது என்றால் அதைத் தாங்குகிற கம்பி தட்டின் மேற்பக்கம் இருக்கும். வரைபடம் போட்ட பொறியியலாளரிடம் இந்தப் பாரத்தைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பலகைத் தளத்தில் எனக்குப் பிடிக்காத இன்னொன்றும் இதுதான். உப்புக்காற்றில் மேல்கம்பி கறள் பிடித்துத் தட்டு வெடித்தால், பலகை அதை மூடி மறைத்துவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டுச் சிலர் டைலுக்கு மேல் செயற்கைப் புல் விரிக்கிறார்கள். அது முழுக்கப் பிளாஸ்டிக். சுற்றிப் பனையோலைத் தட்டி, மூலையில் பிரம்புக் கதிரை. பிறகு தளம் எதுவாக இருந்து என்ன?

நீங்கள் அனுப்பிய படத்தில் இன்னொன்றும் கண்டேன், நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பல்கனிக்கு முன்னால் எட்டடியில் கிடுகு வேய்ந்த கொட்டில், சாப்பாட்டு மேசை போட. அதன் கூரை முகடு பல்கனிக் கைப்பிடியின் உயரத்துக்கு வருகிறது. எனக்குப் பலகையைவிட அதுதான் பயம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை உங்களுக்குச் சீசன். அதே மாதங்களில்தான் கச்சான் காற்றும் அடிக்கிறது, கிடுகு அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடக்கும். பகலில் காற்று தரையிலிருந்து கடல் பக்கம் போகும்: சமையல் விறாந்தைப் பொறி கொட்டிலில் விழும். பின்னேரம் கடற்காற்று திரும்பினால் கொட்டில் நெருப்பு பல்கனிக்கு வரும். விருந்தினர் மீன் சுடுவதற்குச் சிரட்டைக் கரி மூட்டுவதும் அந்த நேரம்தான். கொட்டிலைக் குறைந்தது இருபது, இருபத்தைந்து அடிக்குத் தள்ளுங்கள், அல்லது ஓடு போடுங்கள். அழகு குறையும்தான்.

காஸ் சிலிண்டரை விறாந்தையில், பல்கனிக்கு அடியில் வைக்கவேண்டாம். 2021 கடைசியில் நாடு முழுக்கச் சிலிண்டர் சம்பந்தமான வெடிப்புகள் நடந்தபோது எல்லோரும் சிலிண்டரை வெளியே இழுத்தார்கள், பிறகு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். கட்டடத்தின் பக்கச்சுவரோடு, மேலே யன்னல் இல்லாத இடத்தில், காற்றோட்டமான கம்பிக்கூடு ஒன்று கட்டி வையுங்கள். காஸ் காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கும், ஆகவே கூட்டுக்குப் பக்கத்தில் வடிகால் குழி இருக்கக்கூடாது.

விளக்கீட்டுக்குப் பல்கனி விளிம்பில் சிட்டி வைக்கிறதையும், விருந்தினர் சிகரெட்டையும் உங்களால் நிறுத்தமுடியாது. டைல் என்றால் நிறுத்தவும் வேண்டியதில்லை. மண் நிரப்பிய ஒரு சட்டியை மூலைக்கு ஒன்றாக வையுங்கள், அடிக்கட்டையை அதில் குத்துவார்கள்.

மேசனைக் கூப்பிடமுன் ஒன்று அளந்து சொல்லுங்கள்: தட்டின் மேல்மட்டத்திலிருந்து அறைக் கதவு வாசற்படி எத்தனை அங்குலம் உயரம்? நீர்க்காப்பு, படுக்கை, டைல் எல்லாம் சேர்ந்து இரண்டரை அங்குலம் எடுக்கும். படி அதைவிட இன்னும் இரண்டு அங்குலமாவது மேலே இல்லாவிட்டால், மாரி மழை அறைக்குள் வரும். அப்படியானால் வாட்டத்தை வேறு மாதிரிப் போடவேண்டும்.